மேசையின்மேல் பெறுகிற சம்மதம்

ஆர்பிட்டா இரண்டு என்னும் ஆராய்ச்சியின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு நவம்பரில் வெளியானது முதல், இருதய வைத்தியர்களில் ஒரு சாராரிடம் புதியதோர் உற்சாகம் காணப்படுகிறது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வந்த முதலாவது ஆர்பிட்டா, நாள்பட்ட நெஞ்சுவலிக்காரர்களுக்கு ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயைத் தமனியில் வைப்பதால் உண்டாகும் சுகத்தில் பெரும்பகுதி நோயாளியின் நம்பிக்கையினால் மட்டுமே விளைகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டிருந்தது. அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஸ்டென்ட்டின் மேல் விழுந்த பழி துடைக்கப்பட்டுவிட்டது, ஆகவே இனி அடைப்பைக் கண்ட இடத்தில் தயங்காமல் நீக்கிவிடலாம் என்று அவர்கள் வாதாடுகிறார்கள். வாதத்தின் முற்பகுதியில் நியாயம் உண்டு. பிற்பகுதியோ அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறக்கவே இல்லை; அதை நம்பிக் கையெழுத்திடும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளமாக இருப்பதால், இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் வேளையில் இச்சிகிச்சைக்கு நிகராக வேறொன்று இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரத்தக் கட்டியால் தமனி முற்றாக அடைபட்டு இருதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் மடிந்துகொண்டிருக்கும்போது பலூனை விரித்து வழி திறக்கும் வைத்தியர் பிரத்தியட்சமாக உயிரைக் காக்கிறார். 23 ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்து 2003இல் கணக்கிட்டபோது, கட்டியைக் கரைக்கும் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேரும் பலூன் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேரும் இறந்திருந்தது தெரிந்தது. தமிழ்நாட்டிலேயே, சிற்றூர் மருத்துவமனைகளைக் கேத் லேப் என்னும் இருதயத் தமனிச் சிகிச்சைக் கூடம் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து நடத்திய ஒரு முயற்சியில், மாரடைப்பு கண்டவர்களின் ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்ததை 2017இல் பிரசுரித்திருக்கிறார்கள். ஓய்வாக இருக்கும்போதே வந்து நாளுக்கு நாள் முற்றும் வலி, இடது பிரதான தமனியில் உள்ள குறுக்கம், எந்த மருந்துக்கும் அடங்காத வேதனை ஆகியவற்றைப் பற்றியும் எனக்கு வழக்கில்லை. என் ஆட்சேபமெல்லாம், மாடி ஏறினால் வந்து நின்றால் போகும் நிலையான வலியுடையவர்களையும், வலியே இல்லாமல் உடற்பரிசோதனைக்குப் போய் அடைப்போடு திரும்புகிறவர்களையும் பற்றியது.

இச்சிகிச்சையைத் தொடங்கி வைத்தவர் நிதானம் மிகுந்தவர். ஆண்ட்ரியாஸ் கிரூன்ட்சிக் 1977 செப்டம்பர் 16ஆம் தேதி சூரிச் நகரில், விழித்திருந்த ஒரு நோயாளியின் இருதயத் தமனிக்குள் முதன்முதலாகப் பலூனை விரித்தார். முதல் ஐம்பது நோயாளிகளைப் பற்றி 1979இல் எழுதியபோது, 32 பேரிடமே அது சித்தித்தது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பைபாஸ் அறுவைக்கு உரியவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கே இம்முறை பொருந்தும் என்றும் வரையறுத்தார். அவரிடம் பயின்று வந்த டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இந்தியாவில் இதைத் தொடங்கினார். பிறகு ஸ்டென்ட் வந்தது, மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. தொடையில் துளையிடுவதற்குப் பதிலாக மணிக்கட்டில் துளையிடும் முறை வந்தது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்தபோது மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 29,600 ரூபாய்க்கு இறங்கியது. எளியவருக்கும் எட்டியது என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் அன்று முதல் நம் நாட்டு விவாதம் முழுவதும் விலையைப் பற்றியே நடந்து, இது யாருக்குத் தேவை என்ற மூலக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

அந்தக் கேள்வி எந்த இடத்தில், எத்தனை நேரத்தில், யாரிடம் கேட்கப்படுகிறது என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். என் உறவினர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அறுபதைத் தாண்டியவர். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் ஒரு பாரம் தோன்றும். கைப்பிடியைப் பிடித்துச் சற்று நின்றால் இறங்கிவிடும். பல மாதங்களாக அது கூடவுமில்லை, குறையவுமில்லை. டிரெட்மில் பரிசோதனையில் மாறுதல் தெரிந்தது என்று சொல்லி, ‘ஓர் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்றார்கள்; சாயம் செலுத்தி இருதயத் தமனிகளைப் படமெடுப்பது அது. வலியைத் தணிக்கும் மாத்திரை ஒன்றுகூட முறையாகக் கொடுத்துப் பார்க்கப்படவில்லை. குறித்த நாளில் அவரை உள்ளே கொண்டு போன சிறிது நேரத்துக்கெல்லாம் ஓர் இளம் வைத்தியர் வெளியே வந்து, மகனை மட்டும் அழைத்துக் கணினித் திரைக்கு முன்னால் நிறுத்தி, கறுப்பு வெள்ளைப் படத்தை ஓட்டி, ஓரிடத்தில் அதை உறைய வைத்துப் பேனா முனையால் காட்டினார்.

‘பாருங்க தம்பி, ஒரு குழாய்ல எண்பது பெர்சன்ட் அடைப்பு. அப்பா இப்போ டேபிள்லதான் இருக்கார். இப்பவே வெச்சிட்டா ஒரே ஊசியோட முடிஞ்சிடும். விட்டுட்டா எப்ப வேணும்னாலும் அட்டாக் வரலாம்.’

‘அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா சார்?’

‘தாராளமா. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுங்க.’

அம்மா நடைபாதை நாற்காலியில் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே: ‘வெச்சா உசுருக்கு ஆபத்தில்லையே?’ பையன் கையெழுத்துப் போட்டான். படுத்திருந்தவர் நல்ல நினைவோடுதான் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. சிகிச்சை பழுதின்றி முடிந்தது, வைத்தியரின் கைத்திறனில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் ஓராண்டுக்குள் ஆசிரியர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ‘அதான் அடைப்பை எடுத்தாச்சே’ என்றார்.

அவருடைய பதில் பிழையானது. ஆனால் அவருக்கு அளிக்கப்பட்ட விளக்கத்திலிருந்து நேராகப் பிறந்த பதில் அது. இருதயத் தமனியை வீட்டுத் தண்ணீர்க் குழாயாகவும், அடைப்பை அதில் சேர்ந்த கசடாகவும் வர்ணித்து, கசடு கூடிக் கூடி ஒரு நாள் குழாய் அடைத்துக்கொள்வதே மாரடைப்பு என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறோம். உண்மை வேறு. கொழுப்பு படிவது தமனியின் சுவருக்குள்ளே. ஓரிடத்தில் மட்டும் நிற்காமல், அது தமனிகளின் நீளம் நெடுகப் பரவியிருக்கும். மெல்லிய மூடியை உடைய ஒரு படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறையும்போதே பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன. மாரடைப்புக்கு முன்பே ஆஞ்சியோ எடுத்திருந்தவர்களின் பழைய படங்களை ஒப்பிட்டு 1988இல் வெளியான ஆராய்ச்சிகள், பின்னால் முற்றாக அடைத்துக்கொண்ட இடங்களில் பல, முந்தைய படத்தில் பாதியளவுகூடக் குறுகாதவையாக இருந்தன என்று காட்டின. வலியைத் தருவது பெரிய குறுக்கம். ஆபத்து அதில் மட்டுமே ஒளிந்திருப்பதில்லை. ஸ்டென்ட் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தைச் செப்பனிடுகிறது. நோயோ தமனி முழுவதும் இருக்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் அனுமானமும் அல்ல. நிலையான நோயுடைய 2,287 பேரைக் கொண்டு நடத்திய கரேஜ் ஆராய்ச்சி 2007இல் வெளிவந்தது. தக்க மருந்துகளோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதத்தினருக்கும் மரணமோ மாரடைப்போ நேர்ந்தது. தேர்ந்தெடுத்த நோயாளிகள் லேசான நோயுடையவர்கள் என்று அப்போது ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபத்துக்கு விடை காண்பதற்காகவே, இருதயத் தசைக்கு இரத்த ஓட்டம் மிதமாகவோ கடுமையாகவோ குறைந்த 5,179 பேரை, இந்தியா உள்ளிட்ட 37 நாடுகளில் சேர்த்து, இஸ்கீமியா ஆராய்ச்சி நடந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு உடனே ஆஞ்சியோவும், தேவைக்கேற்ப ஸ்டென்ட்டோ பைபாஸோ. மறு பிரிவினருக்கு முதலில் மருந்து. 2020இல் பிரசுரமானபோது முதற்பிரிவில் 145 பேரும் மறுபிரிவில் 144 பேரும் இறந்திருந்தார்கள். செய்முறையின்போதே உண்டாகும் மாரடைப்பு முதற்பிரிவில் சற்று மிகுந்து, பின்னாளில் தானாக வருவது சற்றுக் குறைந்து, கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது. அடிக்கடி வலி கண்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. வலியே இல்லாதவர்களுக்கு, இல்லாத வலி குறைய வழியில்லாததால், ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை. ‘எப்ப வேணும்னாலும் அட்டாக் வரலாம்’ என்ற வாக்கியத்துக்கு, அதாவது ஸ்டென்ட் அதைத் தடுத்துவிடும் என்ற அதன் உட்பொருளுக்கு, இந்த இரு பெரும் ஆராய்ச்சிகளின் ஒட்டுமொத்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

இனி ஆர்பிட்டாவுக்கு வருகிறேன். வைத்தியம் பெற்றோம் என்ற எண்ணமே வலியைத் தணிக்கும் என்பது பழைய அனுபவம். மார்புச் சுவரின் உட்புறத் தமனிகளைக் கட்டிவிட்டால் இருதயத்துக்கு இரத்தம் பெருகும் என்று 1950களில் ஓர் அறுவை பிரபலமாக இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லெனார்ட் காப் என்பவர், சிலருக்கு அதை மெய்யாகச் செய்தும், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தும் பார்த்து, இரு சாராரும் ஒன்றுபோலவே குணம் கண்டதை 1959இல் எழுதிய பிறகு அந்த அறுவை மறைந்தது. பலூன் சிகிச்சை தொடங்கி நாற்பது ஆண்டுகள் வரை அதற்கோ ஸ்டென்ட்டுக்கோ அத்தகைய பரீட்சை நடக்கவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரஷா அல்லமீயும் அவருடைய கூட்டத்தாரும் அதை நடத்தியபோது, நோயாளிகளுக்கு மயக்கமூட்டி, காதில் இசைக் கருவியை மாட்டி, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தும் மீதிப் பேருக்கு வைக்காமலும் எழுப்பினார்கள். ஆறு வாரங்கள் நல்ல முறையில் மருந்து கொடுத்த பிறகு, ஸ்டென்ட்டினால் கூடுதலாகக் கிடைத்த நடைத்திறன் சராசரி 16.6 வினாடி; அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவே. இரண்டாம் ஆர்பிட்டாவில் வலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் சோதித்தபோது, பன்னிரண்டு வாரங்களில் ஸ்டென்ட் பெற்றவர்களில் 40 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 15 சதவீதத்தினரும் வலியின்றி இருந்தார்கள். ஸ்டென்ட் மெய்யாகவே வலியைக் குறைக்கிறது என்பது இதனால் நிலைபெற்றது, மறுக்கிறவன் நானில்லை. ஆனால் வெற்றிக் கொடி ஏற்றுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் கடந்து போகிறார்கள். வலிக்கான மருந்தே இல்லாத நிலையில் கிடைத்த பலன் அது. மேலும் ஸ்டென்ட் பெற்றவர்களிலேயே பத்தில் ஆறு பேருக்கு வலி முற்றாகப் போகவில்லை. மரணத்தையும் மாரடைப்பையும் குறித்து அந்த ஆராய்ச்சி ஒன்றுமே சொல்ல முற்படவில்லை. வலிக்கு மருந்தோடு போட்டியிடும் ஒரு சிகிச்சை இது என்று அது நிரூபித்திருக்கிறது. வலியைப் போக்கும் சிகிச்சையை நோயாளியை மேசையில் கிடத்திவிட்டு ஐந்து நிமிஷத்தில் நிச்சயிக்க வேண்டிய அவசியம் என்ன?

இதுவே நான் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை; மற்ற குறைகளெல்லாம் இதற்கு அடுத்தபடியானவை. எண்பது சதவீதம் என்ற எண்ணைக்கூட யாரும் அளந்து சொல்வதில்லை. கண் மதிப்பாகவே சொல்கிறார்கள். குறுக்கத்துக்கு அப்பால் இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று நுண்கம்பியால் அளந்து பார்த்த ஃபேம் ஆராய்ச்சியில், ஐம்பது முதல் எழுபது சதவீதம் என்று கண்ணால் மதிப்பிட்ட குறுக்கங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவையே மெய்யாக இரத்த ஓட்டத்தைத் தடுத்தன. நம் நாட்டில் பரவியுள்ள நீரிழிவை எண்ணும்போது என் கவலை இன்னும் மிகுகிறது. பல தமனிகளில் அடைப்புடைய 1,900 நீரிழிவுக்காரர்களைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆராய்ச்சியில், ஐந்தாண்டு முடிவில் ஸ்டென்ட் பெற்றவர்களில் 16.3 சதவீதத்தினரும் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 10.9 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நோயாளியை மேசையிலிருந்து இறக்காமலே மூன்று ஸ்டென்ட் வைத்து அனுப்பினால், அறுவை வைத்தியரோடு ஒரு வார்த்தை பேசி ஆயுளை நீட்டித்துக்கொள்ளும் வாய்ப்பை அவர் அறியாமலே இழந்துவிடுகிறார்.

நோயாளிகள் என்ன நம்புகிறார்கள் என்பதையும் கேட்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் சம்மதம் கொடுத்த 153 பேரை விசாரித்து 2010இல் வெளியான கட்டுரையில், 88 சதவீதத்தினர் இச்சிகிச்சை மாரடைப்பு வரும் அபாயத்தைக் குறைக்கும் என்று நம்பினார்கள். அவர்களுடைய வைத்தியர்களில் பெரும்பாலோர் வலி குறைவதே இதன் பலன் என்பதை அறிந்திருந்தார்கள். சிகிச்சை தருபவருக்கு ஒன்று தெரிகிறது, பெறுபவர் வேறொன்றை நம்புகிறார், அந்த இடைவெளியில்தான் கையெழுத்து வாங்கப்படுகிறது. வைத்தியர் வாய் திறந்து பொய் சொல்ல வேண்டியதில்லை. பயத்தைக் கலைக்காமல் விட்டாலே போதும். தெரிந்தும் திருத்தாமல் விடும் நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு பெறும் சம்மதம், சட்டத்தின் கண்ணில் எப்படியோ, தர்மத்தின் கண்ணில் சம்மதமாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நான் அறியாதவனல்லன். இரண்டு முறை துளையிட வேண்டாம், இரண்டு முறை செலவு வேண்டாம், தொலைவிலிருந்து வருகிறவர்களை அலைய வைக்க வேண்டாம் என்கிறார்கள். மருந்திலேயே பெரும்பாலோர் தேறிவிடுவார்களானால் இரண்டாவது துளையே அவர்களுக்குத் தேவைப்படாது. இஸ்கீமியாவில் முதலில் மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர், அந்த ஆராய்ச்சி நடந்த ஆண்டுகளில், ஸ்டென்ட்டோ பைபாஸோ இல்லாமலே இருந்தார்கள். ஜனங்களே கேட்கிறார்கள் என்ற சமாதானத்தை நான் பொருட்படுத்தவே மாட்டேன். அவர்களை அப்படிக் கேட்கும்படி பயமுறுத்தியது யார்? காப்பீட்டுத் திட்டங்களோ, அரசுடையவையும் தனியாருடையவையும், செய்முறைக்குப் பணம் தருகின்றன. அரைமணி நேரம் உட்கார்ந்து, இந்த மருந்தை இப்படிச் சாப்பிடுங்கள், புகையை விடுங்கள், மூன்று மாதம் கழித்து வலி எப்படி என்று சொல்லுங்கள் என்று பேசுகிற வைத்தியருக்கு அவை தருவது ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டில் நல்ல மனிதரும் மெல்ல மெல்லச் செய்முறையின் பக்கமே சாய்வார். அது எந்த எல்லை வரைக்கும் போகக்கூடும் என்பதை 2024 நவம்பரில் குஜராத்தில் பார்த்தோம். இலவச முகாம் என்று கிராமத்திலிருந்து ஆமதாபாத் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போன 19 பேருக்கு ஆஞ்சியோ எடுத்து, ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைத்ததில் இருவர் மாண்டார்கள். ஆயுஷ்மான் பாரத் என்னும் அரசுக் காப்பீட்டின் பணத்துக்காகத் தேவையின்றிச் செய்தார்கள் என்பது போலீஸ் வழக்கு. எல்லா மருத்துவமனைகளும் அப்படி என்று சொல்வது பாவம். ஆனால் மேசையின்மேல் பெறும் சம்மதத்தை வழக்கமாக ஏற்றுக்கொண்டுவிட்ட தேசத்தில், உத்தமரின் அவசரத்தையும் வஞ்சகரின் அவசரத்தையும் பிரித்தறிய நடைபாதையில் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு வழியும் இல்லை.

மாற்று வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 ஆக 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இவற்றுக்கு விழா எடுப்பார் குறைவு. மாத்திரை விழுங்குகிறவரின் படம் பத்திரிகையில் வருவதில்லை. ஆயினும் தமனி நெடுகப் பரவிய நோயைத் தொடுவது இந்த மாத்திரைகளே.

ஆகவே காப்பீட்டுத் திட்டங்களை நடத்துவோருக்கு என் விண்ணப்பம் இதுதான். நிலையான வலியுடையவருக்கு ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் ஒரே நாளில் நடந்தால், அந்த அவசரத்துக்கான காரணம் எழுத்தில் இல்லாவிடில் ஸ்டென்ட்டுக்குப் பணம் தர வேண்டாம். சம்மதப் பத்திரத்தில், இச்சிகிச்சை வலியைக் குறைக்கும், நிலையான நோயில் ஒட்டுமொத்தத்தில் மாரடைப்பையோ மரணத்தையோ குறைப்பதாக நிரூபணம் இல்லை என்ற வாக்கியத்தைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டு, நோயாளியே படித்துக் கையெழுத்திடச் செய்யுங்கள்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. திடீரென்று வந்து ஓய்விலும் அடங்காத நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் ஒரு கணமும் யோசிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அப்போது பலூனும் ஸ்டென்ட்டும் உங்களுக்கு வேண்டியவை. முன்பே ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பழைய, நிலையான வலிக்காக ஆஞ்சியோவுக்குப் போகிறவர்கள், உள்ளே போவதற்கு முன்னாலேயே, படம் மட்டும் எடுங்கள், பலனையும் மாற்று வழியையும் வெளியே உட்கார்ந்து பேசிய பிறகே மற்றதை முடிவு செய்வோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.